அதுல என்னம்மா எழுதியிருக்கு?

அப்பா ஆறு மாதத்துக்கு சான் ஹோசே வந்திருந்தார். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு ஏக்கர் சொந்த நிலம், மிச்சம் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நாற்பது வருஷம் பயிர் வைத்த மனிதர். வந்த முதல் வாரமே கேட்டார்: "இந்த ஊர்ல விவசாயியே கண்ணுல படலியே, எங்கம்மா இருக்காங்க?" நான் பதினோரு வருஷமாக கலிபோர்னியாவில் இருக்கிறேன். சட்டென்று சொல்லப் பதில் இல்லை. அன்று ராத்திரிதான், கல்லூரியில் ஒரு தடவை பார்த்து அரைகுறையாக ஞாபகத்தில் இருந்த 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' படத்தைப் போட்டேன்.

1940-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும். ஜான் ஸ்டைன்பெக்கின் நாவல் 1939 ஏப்ரலில் வெளியானது. அடுத்த ஜனவரியில் ஜான் ஃபோர்டு இயக்கிய படமே தியேட்டருக்கு வந்துவிட்டது. கதை இவ்வளவுதான்: ஓக்லஹோமாவில் பருத்தி போட்டுப் பிழைத்த ஜோட் குடும்பம் நிலத்தை விட்டு விரட்டப்படுகிறது, ஓட்டை லாரி ஒன்றில் பாயையும் பாத்திரத்தையும் கிழவன் கிழவியையும் ஏற்றிக்கொண்டு 66-ஆம் நெடுஞ்சாலை வழியாகப் பழம் பறிக்கும் வேலை தேடி கலிபோர்னியா வருகிறது.

தமிழ் சப்டைட்டில் கிடையாது, அதனால் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரத்திலேயே ஒன்று கவனித்தேன். வசனத்தைப் பற்றி அப்பா அதிகம் கேட்கவே இல்லை. முகங்களைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் திரையில் ஒரு காகிதம் வந்துவிட்டால் போதும், லேசாக முன்னால் சாய்ந்து, "அதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்பார். கோயில் குத்தகை ரசீதுகளை வருஷ வாரியாக பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீரோவில் அம்மாவின் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்திருப்பவர் அவர். ஒரு தாள் இருந்தால் நிலம் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை என்பது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாத விஷயம். அவர் அப்படிக் கேட்கக் கேட்கத்தான் எனக்கே தெரிந்தது, இந்தப் படம் முழுக்கக் காகிதங்கள்.

முதலில் நிலம் போகிற இடம். டாம் ஜோட் ஜெயிலில் இருந்து வீட்டுக்கு வருகிறான். வீடு இருட்டிக் கிடக்கிறது, ஆள் இல்லை. மூலையில் ஒளிந்திருக்கும் அண்டை வீட்டுக்காரன் மியூலி, ஒரே ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், நடந்ததைச் சொல்கிறான். (ஒளிப்பதிவு கிரெக் டோலண்ட், அடுத்த வருஷம் வந்த 'சிட்டிசன் கேன்' படத்துக்கும் ஒளிப்பதிவு செய்தவர். இந்தப் படத்தில் பாதி முகம் இருட்டிலேயே இருக்கும், அப்படி விட்டதுதான் அழகு.) கம்பெனி ஆள் காரில் வருகிறான், காரை விட்டு இறங்கவே இல்லை, உட்கார்ந்தபடியே காலி பண்ணச் சொல்கிறான். யார் சொன்னது என்று கேட்டால் கம்பெனி. கம்பெனி யார் என்றால் அது யாரும் இல்லை, வெறும் கம்பெனி. அதற்குத் தலைவர் இருப்பாரே என்றால் அவர் பேங்க் சொல்வதைச் செய்கிறார். பேங்க் மேனேஜர் டல்சாவில் இருக்கிறார், அவருக்குக் கிழக்கில் இருந்து உத்தரவு வருகிறது. 'அப்படின்னா நாங்க யாரைத்தான் சுடுறது?' என்று கேட்கிறான் மியூலி. எனக்குத் தெரியாதுப்பா, தெரிந்தால் சொல்லிவிடுவேன் என்கிறான் கார்க்காரன்.

"வாரத்துக்கு உழுதவங்களா?" என்று கேட்டார் அப்பா. ஆமாம், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரக் குடிகள் என்றேன். "அப்ப எழுத்து ஒண்ணும் இருந்திருக்காது" என்றார், அவ்வளவுதான்.

அப்புறம் டிராக்டர் வருகிறது. ஓட்டுகிறவன் கண்ணாடியைக் கழற்றினால் பக்கத்து வீட்டுப் பையன். ஒரு நாளைக்கு மூன்று டாலர் கூலி, அவனுக்குப் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், மாமியார். மியூலியின் கையில் துப்பாக்கி இருக்கிறது, ஆனால் இவனைச் சுட்டால் நாளைக்கு வேறொருவன் வருவான். வீடு நொறுங்குகிறது. அப்புறம் கேமரா மெதுவாகத் தரைக்கு இறங்கி, டிராக்டர் பதித்த தடத்தின் மேல் விழுந்து கிடக்கும் மூன்று பேரின் நிழலைக் காட்டுகிறது. அழுகைச் சத்தம் எதுவும் இல்லை. இந்த மண்ணில் பிறந்தோம், உழைத்தோம், இதிலேயே செத்தோம், அதுதான் இதை எங்களுடையது ஆக்குகிறது, எழுத்து எழுதின காகிதம் இல்லை என்று மியூலி ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு சொல்கிறான். நான் இதை மொழிபெயர்த்தபோது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தப் படம் என்றாலே எல்லோரும் புழுதிப் புயல் என்பார்கள். 1935 ஏப்ரல் 14-ஆம் தேதி பகலை ராத்திரி ஆக்கிய அந்தக் கறுப்பு ஞாயிறு உண்மைதான், லட்சக்கணக்கானவர்கள் அந்த வறட்சியில் சமவெளி மாநிலங்களை விட்டுப் போனதும் உண்மைதான். ஆனால் படத்தில் ஜோட் குடும்பத்தின் ஊரான சாலிசா, ஓக்லஹோமாவின் கிழக்கு ஓரத்தில், ஆர்கன்சாவை ஒட்டி இருக்கிறது. புழுதி வாரி அடித்தது மேற்குக் கோடியில். சாலிசா பக்கத்து ஜனங்களைக் கிளப்பியது காற்று மட்டும் இல்லை. பருத்தி விலை விழுந்து கிடந்தது, கடன் கழுத்துக்கு வந்திருந்தது. 1933-இல் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு, விலை ஏறட்டும் என்று, நிலத்தைத் தரிசாகப் போடுகிற நில உடைமையாளருக்குப் பணம் கொடுத்தது. பயிர் குறைந்தால் குடியானவன் எதற்கு? பலர் வாரக் குடிகளைக் கிளப்பிவிட்டார்கள், கையில் வந்த பணத்தில் டிராக்டர் வாங்கினார்கள். இயற்கை சதி செய்தது என்று சொல்லி முடித்துவிட்டால் இதெல்லாம் கணக்கில் வராமலே போய்விடும். படம் புழுதியையும் காட்டுகிறது, ஆனால் அந்தக் கார்க்காரனையும் டிராக்டரையும் முன்னால் நிறுத்துகிறது. அதற்காகவே இதை மதிக்கிறேன்.

இரண்டாவது காகிதம் நோட்டீஸ். கலிபோர்னியாவில் வேலை நிறைய இருக்கிறது, பழம் பறிக்க 800 பேர் தேவை என்று அச்சடித்த துண்டுத் தாள். ஜோட் குடும்பம் அதை நம்பித்தான் புறப்படுகிறது.

புறப்படுவதற்கு முன் ஜோட் குடும்பத்து அம்மா தனியாக அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஒரு பெட்டியைத் திறக்கும் காட்சி இருக்கிறது. எவ்வளவு தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். வசனமே இல்லை. பழைய போஸ்ட் கார்டு ஒன்று, நியூயார்க்கில் இருந்து யாரோ அனுப்பியது, எடுத்துப் பார்த்துவிட்டு நெருப்பில் போடுகிறாள். மகன் ஜெயிலுக்குப் போன செய்தி வந்த பத்திரிகைத் துண்டு. செயின்ட் லூயிஸ் பொருட்காட்சியில் வாங்கின குட்டிப் பீங்கான் நாய் பொம்மை. கடைசியாக ஒரு ஜோடி காதணி. அதை இரண்டு காதுக்கும் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தன் பிம்பத்தைப் பார்க்கிறாள். பருத்த, களைத்த, புகைக்கரி படிந்த முகம். அந்த ஒரு கணம் அவள் இளம்பெண்ணாக இருந்த காலம் அந்த முகத்தில் வந்துவிட்டுப் போகிறது. ஜேன் டார்வெல் என்ற நடிகை. அவருக்கு இந்தப் படத்துக்காக ஆஸ்கர் கிடைத்தது, ஃபோர்டுக்கும் கிடைத்தது. அந்தப் பெட்டியில் இருந்து வந்த தாள்களைப் பற்றி மட்டும் அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது.

வழியிலேயே தாத்தா செத்துப் போகிறார். கிளம்ப மாட்டேன் என்று மண்ணைப் பிடித்துக்கொண்டவரைக் காபியில் மருந்து கலந்து தூங்க வைத்துத்தான் ஏற்றி இருந்தார்கள். அடக்கம் செய்யக் காசில்லை, ரோட்டோரம் புதைக்கிறார்கள். பின்னால் யாராவது தோண்டிப் பார்த்தால் கொலை என்று நினைத்துவிடுவார்களே என்று டாம் பைபிளின் வெற்றுப் பக்கத்தில் எழுதி, குழியருகே வாசித்துக் காட்டுகிறான். "என்னம்மா எழுதியிருக்கு?" படத்தை நிறுத்திவிட்டுச் சொன்னேன். இங்கே கிடப்பது வில்லியம் ஜேம்ஸ் ஜோட், பக்கவாதம் வந்து செத்தார், ரொம்ப ரொம்பக் கிழவர், அடக்கச் செலவுக்குப் பணம் இல்லாததால் அவர் சனங்களே புதைத்தார்கள், யாரும் அவரைக் கொல்லவில்லை. "யாரும் கொல்லலை" என்று அப்பா அந்தக் கடைசி வரியை மட்டும் திரும்பச் சொன்னார். படத்தில் இவர்கள் தங்கள் கையால் எழுதுகிற ஒரே காகிதம் இதுதான் என்று நினைக்கிறேன்.

வழியில் ஒரு இரவுக் கூடாரத்தில் அந்த நோட்டீஸின் கணக்கு உடைகிறது. கலிபோர்னியாவுக்குப் போய்த் திரும்பி வரும் ஒருவன், கந்தல் உடை, சொல்கிறான்: அவனுக்கு 800 ஆள் வேண்டும், 5,000 நோட்டீஸ் அடிப்பான், 20,000 பேர் கண்ணில் அது படும், அதில் இரண்டாயிரம் மூவாயிரம் பேர் வண்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். நோட்டீஸில் இருப்பது பொய்யே இல்லை. 800 பேர் தேவைதான். வேலை கேட்டு மூவாயிரம் பேர் நின்றால் கூலி என்ன ஆகும் என்பதை மட்டும் அந்தத் தாள் சொல்லாது. அந்த மனிதன் தன் இரண்டு பிள்ளைகள் வயிறு ஊதிச் செத்ததையும் சொல்கிறான். பார்க்க வந்த அதிகாரி மாரடைப்பு என்று தன் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனாராம். அப்பா வெகு நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "பட்டினின்னு எவனும் எழுத மாட்டான்" என்றார்.

அதற்குப் பிறகு வரும் ரொட்டிக் காட்சியில் காகிதம் இல்லை, சில்லறை மட்டும். ரோட்டோரச் சாப்பாட்டுக் கடை. பல்லில்லாத பாட்டிக்கு நனைத்துக் கொடுக்க ஒரு ரொட்டி வேண்டும், விலை 15 சென்ட், ஜோட் அப்பா 10 சென்டுக்குத் தரச் சொல்கிறார். கெஞ்சவில்லை, தன் பட்ஜெட்டைப் பொறுமையாக விளக்குகிறார். பரிமாறும் பெண் முதலில் சிடுசிடுக்கிறாள், உள்ளே இருந்து சமையல்காரர் கொடுத்துத் தொலை என்கிறார். குழந்தைகள் இரண்டும் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் மிட்டாயைப் பார்த்தபடி நிற்கின்றன. அது ஒரு சென்ட் மிட்டாயா என்று கேட்கிறார். அவள் பார்க்கிறாள், ஒரு சென்டுக்கு இரண்டு என்கிறாள். அவர்கள் போனதும் அங்கே உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் ஒருவர், அது ஒன்றே 5 சென்ட் ஆச்சே என்கிறார். எழுந்து போகும்போது டிரைவர்கள் மிச்சச் சில்லறையை மேசையிலேயே விட்டுப் போகிறார்கள். தானம் கொடுக்கிறோம் என்று வாங்குகிறவனுக்குத் தெரியாமல் கொடுப்பது. இதை ஃபோர்டு இரண்டு மூன்று நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார். இப்போது எடுக்கப்படும் படங்களில் இந்த இடத்தில் வயலின் அழுதிருக்கும்.

கலிபோர்னியா வந்துவிட்டது. 1936-இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தன் ஆட்கள் 136 பேரை மாநில எல்லைகளுக்கே அனுப்பி, கையில் காசில்லாமல் வருகிறவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பியது. அது படத்தில் கிடையாது. ஏழையை மாநிலத்துக்குள் அழைத்து வருவது குற்றம் என்றிருந்த கலிபோர்னியச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய 1941 ஆகிவிட்டது. படத்தில், எல்லைச் சோதனைச் சாவடியில் பாட்டிக்கு உடம்பு முடியவில்லை, விடுங்கள் என்று அம்மா மன்றாடுகிறாள், விட்டுவிடுகிறார்கள். பாட்டி அதற்கு முன்பே செத்துவிட்டாள் என்பது பள்ளத்தாக்கின் பச்சையைப் பார்த்து எல்லோரும் மலைத்து நிற்கும்போதுதான் நமக்குத் தெரிகிறது. ராத்திரி முழுக்க அம்மா பிணத்தோடு படுத்து வந்திருக்கிறாள்.

முதல் முகாமுக்குள் லாரி நுழையும்போது கேமரா லாரியின் முன்பக்கம் இருந்து பார்க்கிறது. தகரமும் கோணியும் போட்ட குடிசைகள், நகர மனசில்லாமல் நகரும் மனிதர்கள், நம்மையே பார்க்கும் கண்கள். அங்கேதான் எனக்கு இந்தப் படத்தின் மையம் என்று தோன்றும் காட்சி. கூலிக்கு ஆள் பிடிக்கும் கான்ட்ராக்டர் காரில் வருகிறான், பழம் பறிக்க வாருங்கள் என்கிறான். ஒரு இளைஞன் நிதானமாகக் கேட்கிறான்: லைசென்ஸ் காட்டு, எங்கே வேலை, எப்போது, எவ்வளவு கூலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு, வருகிறோம். அவ்வளவுதான் கேட்டது. உடனே காரில் இருக்கும் போலீஸ் உதவியாளன் இறங்குகிறான், இவன் கலகக்காரன் என்கிறார்கள், இளைஞன் ஓடுகிறான், துப்பாக்கி வெடிக்கிறது, குண்டு எங்கோ நின்ற ஒரு பெண் மேல் பாய்கிறது.

"எழுதிக் குடுன்னு கேட்டான், அதுக்கா சுட்டான்?" என்றார் அப்பா. ஆமாம்ப்பா என்றேன். நிலத்தைப் பிடுங்கக் காகிதம் இருந்தது, வரவழைக்கக் காகிதம் இருந்தது, செத்த குழந்தைக்குக் கூட ஒரு காகிதம் இருந்தது. இவர்களாகக் கேட்ட ஒரே காகிதத்துக்குக் கிடைத்தது தோட்டா. இது சினிமாவுக்காக ஊதிப் பெருக்கியதும் இல்லை. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையைத் தந்த 1935-ஆம் வருஷத்துத் தேசியத் தொழிலாளர் சட்டம் விவசாயக் கூலிகளை வெளியே விட்டுவிட்டது. கலிபோர்னியா தன் அளவில் அவர்களுக்கென்று ஒரு சட்டம் போட 1975 வரை ஆனது, அதற்கும் முன்னால் டெலானோவில் திராட்சைத் தொழிலாளர்கள் ஐந்து வருஷம் வேலை நிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

பீச் பழத்தோட்டத்துப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்கு 5 சென்ட் கூலி கிடைக்கிறது, காரணம் வெளியே வேலை நிறுத்தம் நடக்கிறது, அதை உடைக்கத்தான் இவர்கள் உள்ளே கொண்டுவரப்பட்டிருக்கிறார்கள். நிறுத்தம் உடைந்ததும் கூலி இரண்டரை சென்ட். பழைய பிரசங்கி கேஸி அடித்துக் கொல்லப்படுகிறான், டாம் திருப்பி அடித்துக் கொலைகாரன் ஆகிறான்.

இங்கே அப்பா ஒரு கேள்வி கேட்டார், அது என்னை மடக்கிவிட்டது. "இவங்க வர்றதுக்கு முந்தி யாரும்மா பறிச்சாங்க?" படம் அதைச் சொல்லவே இல்லை. சீனர், ஜப்பானியர், பிலிப்பைன்காரர், மெக்சிகோக்காரர், பஞ்சாபில் இருந்து வந்தவர்கள் கூட. முப்பதுகளில் லட்சக்கணக்கான மெக்சிகோக்காரர்களை, அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகள் உட்பட, ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். படத்தில் பறிக்கும் கைகள் எல்லாம் வெள்ளைக் கைகள். அதனால்தான் அன்றைய அமெரிக்காவுக்கு இந்தத் துயரம் துயரமாகத் தெரிந்ததோ என்ற எண்ணத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. எவ்வளவு பிடித்த படமாக இருந்தாலும் இந்தக் குறையை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்று, வரிசை. நாவலில் அரசாங்க முகாம் முன்னால் வரும், பீச் தோட்டம் பின்னால். படத்தில் மாற்றிவிட்டார்கள். குழாயில் தண்ணீர் வரும், குடியிருப்போரே கமிட்டி போட்டு நடத்தும் அந்தச் சுத்தமான முகாம் கடைசியில் வருவதால், விடிந்துவிட்டது போல ஒரு ஆறுதல் வந்துவிடுகிறது. நாங்கள்தான் மக்கள், எங்களை அழிக்க முடியாது என்று அம்மா லாரியில் பேசுவதோடு முடியும். எனக்குப் படம் அதற்கு முன்பே, விடியற்காலையில் டாம் மேட்டின் மேல் கரும்புள்ளியாக நடந்து போகும்போதே முடிந்துவிடுகிறது.

அந்த அரசாங்க முகாம் நிஜத்தில் கெர்ன் மாவட்டத்தில் ஆர்வின் ஊருக்குப் பக்கத்தில், வீட்பேட்ச் என்ற இடத்தில் இருந்தது. அதை நடத்திய டாம் காலின்ஸுக்குத்தான் ஸ்டைன்பெக் நாவலைப் பாதி சமர்ப்பணம் செய்திருக்கிறார். அதே கெர்ன் மாவட்டம்தான் 1939 ஆகஸ்டில் அந்த நாவலைத் தன் நூலகங்களில் இருந்தும் பள்ளிகளில் இருந்தும் தடை செய்தது. மாவட்ட நூலகர் கிரெட்சன் நீஃப் என்ற பெண்மணி எதிர்த்துக் கடிதம் எழுதியும் பலிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நாலரை மணி நேரம் தெற்கே. ஆகஸ்ட் கடைசி, 40 டிகிரி. பேக்கர்ஸ்ஃபீல்டு தாண்டி லமான்ட் ஊருக்குத் தெற்கே, பழைய முகாமின் மரக் கட்டடங்கள் மூன்று வேலிக்குள் இன்னும் நிற்கின்றன. அப்பா அவற்றை அதிகம் பார்க்கவில்லை. வரும் வழியில் திராட்சைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கண் மட்டும் தெரிய முகத்தைத் துணியால் சுற்றிய பெண்கள், குனிந்து, கொடிக்கு அடியில் கையை விட்டுக் குலை குலையாகக் கத்தரித்து ஒற்றைச் சக்கர வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வரிசை முனையில் ஒரு குடை, அதன் கீழ் பெட்டி கட்டும் பலகை. "குலையைக் கையால தொடாம காம்பைப் புடிக்கிறாங்க பாரு" என்றார். பத்து நிமிஷம் நின்று பார்த்திருப்பார்.

தண்ணீர் வாங்க லமான்டில் ஒரு சின்ன மளிகைக் கடையில் நிறுத்தினோம். கதவுக்குப் பக்கத்தில் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, கையால் எழுதி நகல் எடுத்தது, கீழ்ப்பக்கம் போன் நம்பரை வால் வாலாக வெட்டி விட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் கிழித்தெடுக்கப்பட்டிருந்தது. அப்பா அதன் முன்னால் நின்றார்.

"அதுல என்னம்மா எழுதியிருக்கு?"

ஸ்பானிஷ், எனக்குத் தெரியாது. போனை எடுத்துப் பிடித்துப் பார்த்துச் சொன்னேன். திராட்சைப் பறிப்புக்கு ஆட்கள் தேவை, திங்கட்கிழமை காலை ஐந்து மணி.

"எத்தனை பேருன்னு போட்டிருக்கா?"

இன்னொரு தடவை பார்த்தேன். போடவில்லை.

"கூலி?"

அதுவும் இல்லை. அப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி, மீதியிருந்த வால்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.